விடாத பிரேக்: பழைய மாருதி 800இன் பின் சக்கரங்களோடு மூன்று மாதம்

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில், முக்காணிப் பாலத்தைத் தாண்டி ஆத்தூர் வருவதற்குள் காருக்குள் ஒரு நாற்றம். வயர் கருகிய வாடையும் இல்லை, டயர் எரிந்த வாடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. பின் சீட்டில் இருந்த அம்மா, "எவனோ ரோட்டோரமா குப்பையக் கொளுத்துறான், கண்ணாடிய ஏத்து" என்றாள். ஏற்றினேன். நாற்றம் கூடவே வந்தது.

ஆத்தூரில் வெற்றிலை வாங்க நிறுத்தியபோது இறங்கிச் சுற்றி வந்தேன். இடது பின் சக்கரத்தில் இருந்து அடுப்பு மாதிரி அனல். வலது பின் சக்கரம் சும்மா வெதுவெதுப்பு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனேன், வெற்றிலைக்காரர் அங்கிருந்தே கத்தினார்: "ஊத்தாதிய தம்பி, டிரம்மு விரிஞ்சிரும்!" அவருக்குக் காரைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் கிண்ணம், வார்ப்பிரும்பு. கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். அது தானாக ஆறும் வரை நிழலில் நின்றோம். அன்று திருச்செந்தூர் போகவில்லை. ஊருக்குத் திரும்பி வர, நின்று நின்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வண்டி 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. 1983 டிசம்பரில் வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அதனால் இன்று ரோட்டில் ஓடுகிற எல்லா 800ம் பழைய வண்டிதான், எங்களுடையது அதிலும் கொஞ்சம் மூத்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் பிறை மாதிரி இரண்டு ஷூ, அவற்றின் முதுகில் லைனிங்; மிதித்தால் ஷூ விரிந்து லைனிங் டிரம்மைப் பிடிக்கும், காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுக்கும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன, ஆகவே பின் பிரேக்கைப் பற்றி நாம் யாரும் நினைப்பதே இல்லை. நானும் நினைக்கவில்லை. வண்டி நிற்கிறதா, நிற்கிறது, அவ்வளவுதான் என் பிரேக் ஞானம். பிரேக் பிடிக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறோம், பெடலில் இருந்து காலை எடுத்த பிறகு அது முழுசாக விட்டுவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. என் மூன்று மாத அலைச்சலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருந்தது.

கதை ஆரம்பித்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த டிசம்பர் 17, 18. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாள் கணக்கானது. வண்டி வாசலில் நின்றது, சக்கரம் பாதிக்கு மேல் முங்கி. தண்ணீர் என்ஜினுக்குள் போகவில்லை என்பதே அப்போது பெரிய நிம்மதி. பேட்டரியைக் கழற்றினோம், உள்ளே விரித்திருந்ததை எல்லாம் எடுத்துக் காயப்போட்டோம், ஆயில் மாற்றினோம். பிரேக் டிரம்முக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதைவிட மோசம், வண்டி நகர்ந்துவிடக்கூடாதே என்று மழைக்கு முந்தின நாள் இரண்டு கையாலும் இழுத்துப் போட்ட ஹேண்ட் பிரேக், அப்படியே மூன்று வாரம் கிடந்தது.

ஜனவரியில் வண்டியை எடுத்தபோது நகரவே இல்லை. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டதும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் நகர்ந்துவிட்டது. லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்து பிய்ந்து வந்த சத்தம் அது. நான் அதைக் கேட்டுவிட்டு, சரி விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஓட்டிக்கொண்டு போனேன். இப்படி ஒரு சத்தம் கேட்டால் தயவுசெய்து டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். சில நேரம் லைனிங் ஷூவை விட்டே பெயர்ந்து உள்ளே கிடக்கும், அது புரண்டு மாட்டினால் ஓடுகிற வேகத்தில் சக்கரம் இறுகிவிடும்.

அதற்குப் பிறகு இருந்த அறிகுறிகளை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கம். லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைந்தது, பெட்ரோல் பங்கைக் குறை சொன்னேன். வீட்டுக்கு முன்னால் இருக்கிற சரிவில் நியூட்ரலில் தானாக உருளும் வண்டி உருளாமல் நின்றது, டயரில் காற்று இல்லை என்று நினைத்து அடித்தேன். இடது பின் சக்கரத்தின் ரிம்மில் மட்டும் பழுப்புத் தூள் படிந்தது. ரோட்டுப் புழுதி என்று துடைத்துவிட்டேன்.

ஆத்தூர் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பட்டறையில் விட்டேன். சாயங்காலமே வண்டி வந்துவிட்டது. "லைனர் தேஞ்சிருந்துச்சு சார், ரெண்டு பக்கமும் புதுசு போட்டாச்சு, ஹேண்ட் பிரேக்கும் டைட் பண்ணிட்டோம்" என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் இரண்டே பல்லில், அதாவது இரண்டே 'டிக்'கில், கெட்டியாக நின்றது, எனக்கு ஒரே பெருமை. ஐந்து வாரம். மறுபடியும் அதே நாற்றம், அதே சக்கரம். இந்த முறை கூடுதலாக, பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

அப்போதுதான் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அம்பாசிடர் காலத்து மெக்கானிக், கை நடுக்கம் வந்த பிறகு பட்டறையை மூடிவிட்டார். கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஷூவ மாத்துனாவ, சரி. ஷூ ஏன் விடலன்னு யாராச்சும் பாத்தாவளா?" என்னிடம் பதில் இல்லை.

கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று எனக்கும் ஒரு வேகம் வந்திருந்தது. "நான் சொல்லுதேன், நீங்க செய்யுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

முதலில் கழற்றாமலே ஒரு சோதனை. எனக்கு இந்த மொத்த அனுபவத்திலும் பிடித்தது இதுதான். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சக்கரம் இறுகியிருக்கும்போதே பின்னால் ஜாக் போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கினோம். இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவே பலம் வேண்டியிருந்தது. அண்ணாச்சி, பிரேக்கில் ஏர் எடுக்கிற, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற நிப்பிளை அரைச் சுற்று திறக்கச் சொன்னார். திறந்த உடனே சக்கரம் இலகுவாகச் சுற்றினால், குழாய்க்குள் அழுத்தம் அடைபட்டு நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். மிதிக்கும்போது பிரேக் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வெளியே பார்க்க ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு ஆயிலில் இல்லை, கேபிள், லீவர், ஸ்பிரிங், ஷூ என்று இரும்புப் பக்கம். எங்கள் சக்கரம் திறந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிளின் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தச் சொன்னார். நாலு சுற்று தளர்ந்ததும் சக்கரம் பாதி விட்டது, முழுசாக விடவில்லை. "பாதி கேபிளு, பாதி உள்ள" என்றார். ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம். பட்டறையில் இதைச் செய்திருந்தால் என் ஆயிரத்து எண்ணூறு மிஞ்சியிருக்கும்.

ஜாக் போடுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பின் பிரேக் வேலையில் ஹேண்ட் பிரேக்கை இறக்கியே ஆக வேண்டும், அதனால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டு விடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஹாலோ பிளாக்கை அண்டக் கொடுப்பதும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன்.

இந்த வண்டியில் பின் சக்கர பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றி, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, பெரிய நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அந்த நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கி வைத்த வண்டியில் நீளமான பைப்பை மாட்டித் தொங்கினால் வண்டி ஸ்டாண்டில் இருந்து இறங்கிவிடும். நட்டு கழன்றது, டிரம் வரவில்லை. வராது. லைனிங் தேய்க்கத் தேய்க்க டிரம்மின் ஓரத்தில் ஒரு வரப்பு நின்றுவிடுகிறது, ஷூ அந்த வரப்புக்கு உள்ளே இறுகி நிற்கிறது, மேலே துரு வேறு. சுத்தியலால் டிரம்மின் விளிம்பில் அடிக்கப் போனவனைத் தடுத்து, போல்ட்டுகளுக்கு நடுவே தட்டையான முகத்தில் மட்டும், சுற்றிச் சுற்றி, செல்லமாகத் தட்டச் சொன்னார் அண்ணாச்சி. விளிம்பில் அடித்தால் துண்டு பெயர்ந்துவிடும். அப்புறம் அவர் சொன்ன வித்தை: கழற்றின சக்கரத்தையே மறுபடி டிரம்மில் இரண்டு நட்டுப் போட்டு மாட்டி, தரையில் உட்கார்ந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி வெளியே இழுப்பது. புல்லர் இல்லாதவர்களுக்கு இதுதான் புல்லர். இடது டிரம் பத்து நிமிடத்தில் என் மடியில் வந்து விழுந்தது. வலதுக்கு அதுவும் பலிக்கவில்லை, அவருடைய பழைய புல்லரை எடுத்து வர வேண்டியதாயிற்று.

உள்ளே பார்த்ததும் ஊதிச் சுத்தம் செய்யத்தான் வாய் போனது. கூடவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கமாக இருந்தது, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் போனதுதான். புது லைனிங்கின் தூளும் மூச்சுக்கு நல்லதில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரை ஸ்பிரே அடித்து, ஈரத் துணியால் வழித்தெடுத்தேன். ஏர் கம்ப்ரசரால் அடித்துத் தள்ளுகிற பட்டறைகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் பதறுகிறது.

இடது பக்கம் மூன்று குற்றவாளிகள். முதலாவது, பின் ஷூவில் ஒரு ஊசியில் தொங்குகிற ஹேண்ட் பிரேக் லீவர். கேபிள் இழுத்தால் அது திரும்பி ஷூவை விரிக்கும், விட்டால் பழைய இடத்துக்கு வர வேண்டும். எங்கள் லீவர் பாதி வழியில் துருப்பிடித்து உறைந்திருந்தது, கையால் அசைக்க முடியவில்லை. ஷூவோடு சேர்ந்து வரும் லீவரைப் பழைய ஷூவில் இருந்து கழற்றிப் புது ஷூவுக்கு மாற்றும்போது பட்டறையில் அதை அப்படியே மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, கேபிள். உள் கம்பியைப் பிடித்து இழுத்தால் உறைக்குள் இழுவையோடு வந்தது, விட்டால் திரும்பப் போகவே இல்லை. வெள்ளத் தண்ணீர் உறைக்குள் போய் நின்று துருவாகியிருக்கிறது. எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா என்றேன். "ரெண்டு வாரம் ஓடும், அப்புறம் திரும்பவும் எங்கிட்டதான் வருவிய" என்றார். மாற்றினோம். மூன்றாவது, பேக் பிளேட்டில், அதாவது ஷூக்களைத் தாங்கும் பின் தகட்டில், ஷூவின் ஓரம் உரசி நகர்கிற திட்டுகள். இருபது வருஷ உரசலில் அங்கே நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், ஷூ அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. அரத்தால் ராவிச் சமப்படுத்தி, அதிகச் சூடு தாங்கும் கிரீசை அந்தத் திட்டுகளில் மட்டும் விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினேன். அதிகம் தடவினால் உருகி லைனிங்குக்குப் போகும்.

வலது பக்கம் வேறு கதை. புதுசாகப் போட்டு ஐந்து வாரமே ஆன லைனிங் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. மிதிக்கும்போது பிஸ்டனால் ஷூக்களை விரித்துத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாக விலக்கினேன், உள்ளே இருந்து பிரேக் ஆயில் சொட்டியது. லேசான ஈரம் என்றால் கவலைப்பட வேண்டாம், சொட்டினால் சிலிண்டர் போய்விட்டது. வண்டி ஏன் இழுத்தது என்பதும் தெரிந்தது, வலது பின் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. அதுவரை ஒழுகாதது இப்போது மட்டும் ஏன் ஒழுகியது என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சி சிலிண்டரைக் கழற்றி உள்சுவரைக் காட்டினார். பழைய ஷூ தேயத் தேய பிஸ்டன் வெளிப்பக்கமாக நகர்ந்து வந்திருக்கிறது, அது வருஷக்கணக்காகப் போகாத உள்பகுதியில் துருப்பொட்டுகள். புது ஷூ தடிமன் அதிகம், ஆகவே பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டியாக வேண்டும். தள்ளியதும், ஆயில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் கப் அந்தத் துருப்பொட்டுகளின் மேலே போய் உட்கார்ந்து கிழிந்திருக்கிறது. பழைய வண்டிக்கு ஷூ மாற்றும்போதே சிலிண்டரையும் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். சொரசொரப்பைத் தேய்த்து, புது கப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. வண்டியில் என் பையன் வருகிறான், நான் இரண்டு பக்கமும் புது சிலிண்டரே போட்டேன்.

சிலிண்டருக்கு வரும் இரும்புப் பைப்பின் நட்டு ஒரு பெரிய சோதனை. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டி வரும். ரிங் ஸ்பேனரில் பைப் நுழைகிற அளவு மட்டும் வாய் வெட்டியது போல ஒரு ஸ்பேனர் விற்கிறது, அதை வாங்குங்கள். துருநீக்கியை முந்தின நாள் ராத்திரியே அடித்து வைத்தேன். அப்படியும் இடது நிப்பிள் கழுத்தோடு முறிந்தது. சிலிண்டரே மாறுகிறது, புதுசோடு புது நிப்பிளும் வருகிறது, ஆகவே பிழைத்தேன்.

எண்ணெய் ஊறின லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி, திரும்ப மாட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. நானும் கேட்டேன், ஐந்து வாரப் புது ஷூ ஆயிற்றே என்று ஆசை. அண்ணாச்சி பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. லைனிங் கடற்பஞ்சு மாதிரி, உள்ளே போனது முழுசாக வெளியே வராது, சூடானதும் கசியும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் வண்டி மறுபடி இழுக்கும். இரண்டாவது தடவையாக முழு செட்.

இந்த 'பிரேக் ஆயில்' என்கிற பெயரே ஒரு வம்பு. அது ஆயில் இல்லை. என்ஜின் ஆயிலோ கிரீசோ ஒரு சொட்டு அதில் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் எல்லாம் உப்பிவிடும், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் மொத்தமும் போகும். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். டாட் 3 என்ற தரம் என்றால் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவுகோலே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230ம் 155ம். விடாத பிரேக்கால் டிரம் கொதிக்கும்போது பக்கத்தில் இருக்கும் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். ஆத்தூரில் அன்று பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருந்ததை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரியில் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

டிரம்கள் லேத்துக்குப் போயின. இடது டிரம்மில் சூட்டினால் நீலம் பாரித்த திட்டுகள். கடையும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும், டிரம்மில் பொறித்திருக்கிற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. எங்களுடையது தேறியது. பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் மணல் போட்ட மாதிரி கரகரத்தது, அதுவும் வெள்ளத்தின் வேலை, நான்கையும் மாற்றினேன்.

திரும்ப மாட்டுவதில் என் சொந்தத் தவறுகள். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடாமல் வைத்தால் பார்த்து மாட்டலாம் என்று அண்ணாச்சி தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் இரண்டையும் பிரித்துப் பரப்பிவிட்டேன், கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே ஒன்று, அதுவும் கலங்கல். இரண்டு ஷூவுக்கும் நடுவில் நிற்கும் ஸ்ட்ரட்டுகளை இடது வலது மாற்றிப் போட்டேன், டிரம் ஏறவில்லை. ஒரு ஸ்பிரிங்கை அடுத்த ஓட்டையில் மாட்டினேன். இன்னொரு ஸ்பிரிங் கட்டிங் பிளேயரில் இருந்து நழுவித் தென்னை மரத்தடிக்குப் போனது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பழைய ஸ்பிரிங்குகளும் சூட்டில் வெந்து தொய்ந்திருந்தன, புது ஸ்பிரிங் செட் விலை ஒன்றும் பெரிதில்லை. விடாத பிரேக்குக்குத் தொய்ந்த ஸ்பிரிங்கையே திரும்பப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏர் எடுக்க ஆள் வேண்டும். பையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான், நான் பின்னால் நிப்பிளில் குழாய் மாட்டிப் பாட்டிலோடு. "மிதி... பிடிச்சுக்கோ... விடாத... ம், இப்ப விடு." நிப்பிளை மூடுவதற்கு முன்னால் அவன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும், மூன்று தடவை அப்படி ஆனது, நான் கத்தினேன், அவன் கோபித்துக்கொண்டு ஐஸ்கிரீம் பேரம் பேசினான். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமாக இருக்கிற இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்தோம். நடுவில் மேலே டப்பாவில் ஆயில் குறைவதைப் பார்க்க மறந்து அது காலியாகி, மொத்த வேலையும் முதலில் இருந்து.

கடைசியாக ஹேண்ட் பிரேக். எனக்குப் பெருமையாக இருந்த அந்த 'ரெண்டு பல்' சமாச்சாரம் இங்கேதான் உடைந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எங்கள் வண்டியில் உள்ளே இருக்கும் பல் வைத்த ஸ்ட்ரட் தானாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். லீவர் முழுசாக அதன் ஓய்வு நிலைக்குத் திரும்பினால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். ஹேண்ட் பிரேக் தளர்ந்தால் நாம் என்ன செய்கிறோம், கேபிளை முறுக்குகிறோம். கேபிளில் தொய்வே இல்லாமல் முறுக்கிவிட்டால் லீவர் எப்போதும் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும், ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், தானியங்கியும் முடங்கிவிடும். பட்டறையில் அதைத்தான் செய்திருந்தார்கள். ஏற்கெனவே துருவால் திரும்பாத கேபிளை இன்னும் முறுக்கி, கெட்டியாகப் பிடிக்கிறது என்று கையில் கொடுத்தார்கள். வரிசை இதுதான்: கேபிளை முழுக்கத் தளர்த்தி விடு, பெடலைப் பலமாகப் பலமுறை மிதித்து இடைவெளி தானாக அமையட்டும், சக்கரத்தைச் சுற்றிப் பார், அதற்குப் பிறகுதான் கேபிளின் தொய்வை எடு. எங்களுக்கு இப்போது ஐந்தாவது பல்லில் பிடிக்கிறது. சக்கரத்தைச் சுற்றினால் ஒரே ஒரு இடத்தில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய உரசல், அது பரவாயில்லை என்றார் அண்ணாச்சி. நடு நட்டுக்குப் புது காட்டர் பின், பழையதை நிமிர்த்தி மாட்டுவது கிடையாது.

ஆள் இல்லாத புறவழிச் சாலையில் விடியற்காலை ஓட்டிப் பார்த்தேன். முதலில் வீட்டு வாசலிலேயே பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தி, அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக. லைனிங் டிரம்மோடு படிய முதல் இருநூறு கிலோமீட்டர் அழுத்தமான பிரேக் போடாமல் ஓட்டினேன். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி, புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் காட்டி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன். எவ்வளவு சூடு என்பதைவிட, இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. தொட்டுப் பார்க்காதீர்கள், ஒரு தடவை தொட்டு விரல் கொப்பளித்தவன் சொல்கிறேன்.

உதிரிகளும் லேத்துமாக நாலாயிரத்து சொச்சம் ஆனது, ஸ்டாண்டும் ஸ்பேனரும் தனி. அண்ணாச்சி காசு வாங்கவில்லை, வண்டியை நியூட்ரலில் போடச் சொல்லி ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தார், அது உருண்டு போனதும் "ம்" என்றார். பேக் பிளேட்டுக்குப் பின்னால் கேபிள் நுழையும் இடத்து ரப்பரை வருஷம் ஒரு தடவை பார்க்கச் சொன்னார், உப்புக் காத்து ஊர் பாருங்க என்று.

இப்போது மழைக்காலத்தில், வண்டி இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கழுவின அன்றைக்கு ஒரு சின்னச் சுற்று ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து டிரம்மைக் காய வைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். எதிர்வீட்டு மாமா கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் "ஹேண்ட் பிரேக்கு வேலை செய்யலையா?" என்று கேட்கிறார்.

போன மாதம் அம்மாவைத் திருச்செந்தூர் கூட்டிப் போனேன். ஆத்தூரில் நிறுத்தி, இறங்கி, இடது பின் சக்கரத்துக்கும் வலது பின் சக்கரத்துக்கும் மாறி மாறிக் குனிந்து புறங்கையைக் காட்டிவிட்டு வந்தேன். அதே வெற்றிலைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முருகனுக்குக்கூட இவ்வளவு பயபக்தியாக் குனிய மாட்டான்."